மண்ணில் தடம் பதிக்காத டாங்கி

பலகையில் பூசிய சேறு இன்னும் காயவில்லை. களிமண்ணும் பசையும் குழைத்து நானே பூசியது. அதன் மேல் எட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஷெர்மன் என்ற அமெரிக்க டாங்கியின் மாதிரியை வைத்து, முன்னும் பின்னும் இரண்டு முறை உருட்டினேன். தூக்கிப் பார்த்தால் லேசான கீறல், அவ்வளவுதான். 1944 கோடையில், இரண்டாம் உலகப்போரில், பிரான்சின் நார்மண்டிப் பகுதிக் கிராமத்துத் தெருக்களை உழுதுபோட்ட வண்டி, என் மேசையில் ஒரு கோழி நடந்த தடம் அளவுக்குக்கூட மண்ணை அமுக்கவில்லை.

காரணம் எளிய கணக்கு. உண்மையான ஷெர்மன் ஏறக்குறைய 5.8 மீட்டர் நீளம், 30 டன் எடை. 1:72 அளவில் நீளம் 72-இல் ஒரு பங்காகிறது. ஆனால் எடை, நீளம் அகலம் உயரம் மூன்றோடும் சேர்ந்து சுருங்குவதால், 72-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 3,73,248-இல் ஒரு பங்காகிவிடுகிறது. 30 டன் 80 கிராமாகிறது. சங்கிலிப் பட்டை மண்ணைத் தொடும் பரப்போ இரண்டு திசைகளில் மட்டுமே சுருங்குகிறது. ஆகவே மண்ணின் மேல் விழும் அழுத்தம் 72 மடங்கு குறைந்துபோகிறது. அசல் வண்டி ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தினால், மாதிரி அழுத்துவது 14 கிராம்தான். அதுவும் மாதிரியை இரும்பால் செய்தால். உள்ளே வெற்றிடமான பிளாஸ்டிக் கூடு அந்த 80 கிராமைக்கூட எட்டுவதில்லை. சேறு மட்டும் சுருங்கவே இல்லை. அதன் ஒட்டும் குணமும் தாங்கும் வலுவும் அப்படியே இருக்கின்றன.

போர்க்காட்சி டயோரமா, அதாவது ஒரு காட்சியைச் சிற்றுருவில் அமைக்கும் மாதிரி, செய்கிறவர் இதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார். நீளம் சொன்ன பேச்சைக் கேட்கும். எடை, ஒளி, தண்ணீர், நேரம் எதுவும் கேட்காது. அவை செய்ய மறுக்கிற வேலையைக் கை செய்ய வேண்டும்.

தடத்துக்கு நான் கடைசியில் செய்தது இது: மீந்துபோன ஒரு துண்டுச் சங்கிலிப் பட்டையைக் குச்சியில் ஒட்டி, சேறு பாதி இறுகும் வரை காத்திருந்து, அங்குலம் அங்குலமாக விரலால் அழுத்தினேன். பட்டையின் அகலம் ஆறு மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு கண்ணி. சேறு அதிக ஈரமாக இருந்தால் பட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், காய்ந்துவிட்டால் பிளந்துவிடும். வளைவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. டாங்கிக்குக் காரைப் போல் திரும்பும் சக்கரம் கிடையாது. ஒரு பக்கப் பட்டையை மெதுவாக்கி, மறுபக்கப் பட்டையால் தள்ளித்தான் திரும்புகிறது. அப்போது பட்டை பக்கவாட்டில் வழுக்கி மண்ணை வரப்புபோலக் குவிக்கும். அந்தச் சிறு வரப்பை ஊசிமுனையால் எழுப்பிவிட்டால், வண்டிக்கு 30 டன் எடை தானாக வந்துவிடுகிறது.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1:72, 1:48, 1:35 என்று பல அளவுகள் புழங்குகின்றன. இவற்றில் 1:35 என்பது விசித்திரமான எண். ஜப்பானின் தாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கியின் ஓடும் மாதிரியை வடிவமைத்தபோது, உள்ளே மோட்டாரும் இரண்டு பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அதற்கேற்ற உடலை வரைந்துவிட்டுப் பிறகு கணக்குப் பார்த்தால் 35-இல் ஒரு பங்கு வந்தது. இன்று உலகெங்கும் ராணுவ மாதிரிகளில் கோலோச்சும் அளவு, பேட்டரியின் பருமனால் பிறந்தது.

எந்த அளவை எடுத்தாலும் தூரம் நம்மை ஏமாற்றும். முப்பது சென்டிமீட்டர் சதுரப் பலகை 1:72-இல் வெறும் 21.6 மீட்டர். திறந்த வெளியில் 800 மீட்டர் தூரத்தில் நின்று இரண்டு டாங்கிகள் சுட்டுக்கொள்வதைக் காட்ட வேண்டுமானால் 11 மீட்டர் நீளப் பலகை தேவை. வீட்டில் யார் சம்மதிப்பார்கள்? டயோரமாக்களில் இடிந்த தெருமுனைகள் இத்தனை இருப்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தெருச்சண்டையில் மட்டுமே எல்லாம் இருபது மீட்டருக்குள் நடக்கிறது. வயல்வெளியைக் காட்டியே தீருவேன் என்றவர்கள் பொய் சொல்ல நேர்ந்தது. வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி உருவாக்கி 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்த வாட்டர்லூ போர்க்கள மாதிரியில் நிலம் சுமார் 1:600 அளவு. அந்த அளவில் ஒரு மனிதன் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்க மாட்டான், கண்ணுக்கே தெரிய மாட்டான். அதனால் வீரர்களை நிலத்தின் அளவுக்கு மீறிப் பெரிதாகவே வார்த்து நிறுத்தினார். அந்த மாதிரி இன்றும் லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி கட்டடம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இடிந்த சுவருக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மிஞ்சிய பொருள் இல்லை. ஜிப்சத்தைச் சூடாக்கி அதிலுள்ள நீரில் பெரும்பகுதியை விரட்டியெடுத்த தூள் அது. தண்ணீர் விட்டதும் இழந்ததைத் திரும்ப உறிஞ்சி, ஊசி ஊசியான படிகங்களாக வளர்கிறது. கையில் பிடித்தால் கதகதப்பு தெரியும். படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் கட்டியாகிறது, கூடவே துளியளவு விரிவதால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்புகிறது. முக்கியமான குணம், அது வளையாது, உடையும். சுவரும் அப்படித்தான். பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிய இடிபாடு பிஸ்கட்டைக் கடித்த மாதிரி இருக்கும். பிளாஸ்டர் பலகையைக் கையால் ஒடித்தால் விளிம்பு சொரசொரப்பாக, உண்மையாக இருக்கும்.

ஆனால் ஒடித்தபடியே விட்டுவிடவும் கூடாது. செங்கல் சுவர் பெரும்பாலும் கல்லின் குறுக்கே உடைவதில்லை. கற்களை இணைக்கும் காரைப்பூச்சு கல்லைவிட மென்மையானது, விரிசல் அதன் வழியே ஓடுகிறது. ஆகவே உடைந்த விளிம்பு படிக்கட்டுபோல இறங்க வேண்டும். 24 சென்டிமீட்டர் நீளமுள்ள செங்கல் 1:72-இல் சுமார் 3.3 மில்லிமீட்டர். வரிசை வரிசையாக அந்தப் படிகளைக் கத்திமுனையால் கிள்ளியெடுப்பது ஒரு மாலை நேரத்தைத் தின்றுவிடும். எந்தப் பகுதி நிற்கும், எது விழும் என்பதிலும் ஒழுங்கு உண்டு. மூலைகள் நிற்கும், ஏனெனில் இரண்டு சுவர்கள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கின்றன. நீண்ட தனிச்சுவரின் நடுப்பகுதி முதலில் சாயும். மரத் தளம் எரிந்துபோன வீட்டில், உத்திரங்கள் செருகியிருந்த சதுரப் பொந்துகள் மட்டும் சுவரில் வரிசையாகத் தெரியும். அந்தக் கரிய பொந்துகள் நான்கைச் செதுக்கினால், இல்லாத மாடியைப் பார்க்கிறவரே கட்டிக்கொள்வார்.

விழுந்த சுவர் எங்கே போனது? கண்காட்சிகளில் நான் கேட்கும் ஒரே அடாவடிக் கேள்வி இது. கூரையும் பாதிச் சுவரும் காணாமல் போயிருக்கும், கீழே ஒரு கைப்பிடிக் கல் கிடக்கும். இடிந்தது குறைவதில்லை, பெருகுகிறது. துண்டுகளுக்கு இடையே காற்று புகுவதால், குவியல் நின்ற சுவரைவிட அதிக இடத்தை அடைக்கும். ஆகவே உடைத்தெடுத்த பிளாஸ்டரையெல்லாம் ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்து, முழுவதையும் அந்த வீட்டின் காலடியிலேயே கொட்டுவது நேர்மை. அரை மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் 36 மில்லிமீட்டர் ஜல்லி. தூசியாக அதைத் தூவ முடியாது. தூசிக்கு நிறமித் தூள்தான். பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) துகள் 72 மடங்கு பெருகினாலும் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது.

வண்ணத்தில் பெரிய சண்டையே உண்டு. சின்ன மாதிரிக்கு அசல் வண்ணத்தைவிட வெளிறிய வண்ணம் பூச வேண்டும் என்பது வழக்கம். இடையிலுள்ள காற்று நிறத்தை மங்கலாக்குகிறது, அதை ஈடுகட்டத்தான் என்பார்கள். இந்த விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. 1:72 மாதிரியை முப்பது சென்டிமீட்டரில் பார்ப்பது, அசலை 22 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். தெளிந்த நாளில் 22 மீட்டர்க் காற்று எந்த நிறத்தை மங்கச் செய்யும்? விளக்கில்தான் விஷயம் இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; வெட்டவெளி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், அறை விளக்கு சில நூறு லக்ஸ். ஒளி குறையும்போது அதே நிறம் நம் கண்ணுக்கு இருண்டும் சோர்ந்தும் தெரிகிறது. வெயில் தராத வெளிச்சத்தை வண்ணத்தில் கலந்துவிடுகிறோம்.

நிழலும் இதே கதைதான். ஆணித்தலையின் கீழே அசலில் கூர்மையாக விழும் நிழல், அறையில் எல்லாப் பக்கமும் சிதறிய ஒளியில் கரைந்துபோகிறது. அதனால் நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தைத் தூரிகை நுனியால் ஆணித்தலையருகே தொட்டு வைக்கிறார்கள். நுண்ணிய இடுக்குகளுக்குள் திரவத்தை இழுக்கும் நுண்குழாய் விசை மீதியைப் பார்த்துக்கொள்கிறது. வண்ணம் விளிம்பைச் சுற்றித் தானே ஓடி வளையமாக அமர்வதைப் பார்ப்பது இந்தப் பொழுதுபோக்கின் சின்னச் சின்ன இன்பங்களில் ஒன்று.

துருவில் மட்டும் கை கட்டுக்கடங்காமல் போய்விடுகிறது. போர்முனையில் பல டாங்கிகள் சில மாதங்களே ஓடின. ஓடுகிற வண்டி புழுதியும் எண்ணெயுமாக இருக்கும், துருக்கூடாக இருக்காது. எரிந்த வண்டி வேறு. வெப்பத்தில் வண்ணப்பூச்சு கருகிப்போக, மொட்டை எஃகு சீக்கிரமே செம்மஞ்சளாகத் துருப்பிடிக்கும். சக்கரங்களின் ரப்பர் எரிந்துவிடுவதால் வண்டி சற்றுத் தாழ்ந்தும் உட்காரும்.

தண்ணீரை உண்மைத் தண்ணீரால் காட்ட முடியாது. பரப்பு இழுவிசை சுருங்காததால் சாலைக் குட்டை கண்ணாடிக் கோலிபோல உப்பி நிற்கும். தெளிந்த பிசின்தான் வழி. அதுவும் கரையில் மெல்ல ஏறும், ஏறிய விளிம்பின் மேல் சேற்றைப் பூசி மறைக்க வேண்டும். புகையை நான் தொடுவதே இல்லை. புகைக்காக வைக்கும் பஞ்சு, பஞ்சாகத்தான் தெரியும்.

நேரத்தை டயோரமா சாமர்த்தியமாகத் தவிர்த்துவிடுகிறது. அசலில் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து செங்கல் விழ ஒரு விநாடி ஆகும். மாதிரியில் அது ஏழு சென்டிமீட்டர், 0.12 விநாடியில் முடிந்துவிடும். அதனால்தான் மாதிரிகளைப் படம்பிடிப்பவர்கள் கேமராவை வேகமாக ஓட்டி மெதுவாகக் காட்டினார்கள். அசையாத காட்சிக்கு அந்தக் கவலை இல்லை.

மிச்சமிருப்பது நம் கண்கள். இரண்டு கண்களுக்கும் இடையே ஆறரை சென்டிமீட்டர். 1:72 உலகில் அது சுமார் 4.7 மீட்டர். அவ்வளவு அகன்ற முகமுள்ள பூதம்தான் தெருவைக் குனிந்து பார்க்கிறது, எனவே எல்லாம் பொம்மையாகத் தெரிகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் பூதம் பாதி ஒழிந்தது. மறு கண்ணைச் சாலையிலிருந்து 23 மில்லிமீட்டர் உயரத்துக்கு இறக்கினால், தெருவில் நிற்கும் ஒருவனின் பார்வை கிடைக்கிறது. என் தெருவை அப்படிப் பார்த்தேன். வீடுகள் எழுந்து நின்றன, ஷெர்மன் நிஜமாகவே வழியை அடைத்தது. சாலையின் குறுக்கே வண்ணத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு தூரிகை முடி, கைவிரல் தடிமனில் கிடந்தது. இடுக்கியை எடுக்கப் போனேன். பிறகு, அறுந்து விழுந்த தொலைபேசிக் கம்பி என்று வைத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டேன்.