"நல்லா குடிச்சாங்க" எண்டு எழுதாதீங்க

நான் திருகோணமலையில நேர்ஸ். பின்நேரத்தில நேர்சிங் அசிஸ்டன் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லிக்குடுக்கிறன். பிரஷர் பாக்க, பெட்சீட் மாத்த, ஆளைத் தூக்கி இருத்த எல்லாம் ஒரு மாசத்தில பிடிச்சிருவாங்க, எழுதச் சொன்னாத்தான் கை நிக்கும். எல்லா சார்ட்டிலயும் ஒரே வசனம்: "நல்லா குடிச்சாங்க, சலம் போச்சு". எவ்வளவு? எத்தின மணிக்கு? அது இருக்காது.

2017ல கிண்ணியாப் பக்கம் டெங்கு எப்பிடி இருந்திச்சு எண்டு எங்கட ஆக்களுக்கு மறந்திருக்காது, அந்த வருசம் இலங்கை முழுக்க 186,000 பேருக்கு மேல டெங்கு எண்டு பதிவாச்சு. டெங்கில காய்ச்சல் விடுற நேரம்தான் கவனம், சில பேருக்கு அப்பதான் ரத்தக்குழாயில இருந்து நீர் கசியத் தொடங்கும், அந்த 24 - 48 மணித்தியாலத்தில செலைன் கூடிப்போனா நெஞ்சுக்க நீர் சேர்ந்து மூச்சு முட்டும், குறைஞ்சா பிரஷர் விழும். டொக்டர் எவ்வளவு ஏத்துறது எண்டு முடிவெடுக்கிறது பிரஷர், பல்ஸ், ரத்த ரிப்போட், அதோட நீங்க எழுதுற உள்ள போனது வெளிய வந்தது கணக்கு, இதுகளை வெச்சுத்தான். கிலோவுக்கு அரை மில்லி எண்டு பாத்தா 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 25 மில்லி சலமாவது போகணும்.

ஒருக்கா ஒரு உம்மா, மகனுக்குப் பக்கத்தில நிண்டவ, போத்திலில இருந்த சலத்தை பாத்ரூமில ஊத்தி போத்திலையும் கழுவி வெச்சிட்டு "மகள், உங்களுக்கு வேலை மிச்சம்" எண்டு சிரிச்சா. ரெண்டு இளநியும் குடுத்திருக்கிறா, அதுவும் சார்ட்டில இல்ல. அவ பாசத்தில செஞ்சது, பிழை எங்கட, ஒருத்தரும் அவவுக்குச் சொல்லயில்ல. அண்டைல இருந்து பிள்ளைகளுக்கு நான் சொல்லுறது, ஆள் வந்த உடனயே பக்கத்தில நிக்கிறவங்களிட்ட இப்பிடிச் சொல்லுங்க: "உம்மா, சலத்தை ஊத்தாதீங்க, நான் வந்து அளக்கிறன், தண்ணி, கஞ்சி, இளநி, ஜீவனி எது குடுத்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க". வீட்டில இருந்து கொண்டு வந்த கோப்பையையும் ஒருக்கா அளந்து பாருங்க, 200 பிடிக்குதா 350 பிடிக்குதா எண்டு தெரியாம "ஒரு கோப்பை" எண்டு எழுதி என்ன பிரயோசனம்.

அடுத்தது, நோயாளி சொன்ன சொல்லை மாத்தாதீங்க. "நெஞ்சுக்க அமத்துது, இடது கை விறைக்குது" எண்டு ஐயா சொன்னதை "கேஸ்ரிக்" எண்டு எழுதினதை நான் கண்டிருக்கிறன். அது என்ன வருத்தம் எண்டு சொல்லுறது டொக்டர்ட வேலை. நீங்க அவர் சொன்னபடியே எழுதுங்க, உடன நேர்ஸ் மிஸ்ஸிட்ட வாயாலயும் சொல்லுங்க, இப்பிடியான நேரம் சார்ட்டில எழுதிட்டுப் பேசாம இருக்கிறது போதாது. கந்தளாயில இருந்து சிங்கள ஆக்களும் வருவாங்க, "கொஹெத ரிதென்னே" எண்டு கேக்கவாவது படிச்சுக்கொள்ளுங்க, எங்க நோகுது எண்டு கையால காட்டுவாங்க.

சொல்லுறதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு, எஸ்பார் (SBAR) எண்டு சொல்லுவாங்க, அமெரிக்க நேவிட அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. இப்ப என்ன நடக்குது, ஆள் எதுக்கு வந்தவர், நான் பாத்தது என்ன, என்ன செய்யணும். "மிஸ், 7ஆம் கட்டில், 50 கிலோ, டெங்கு, காய்ச்சல் காலம்பற விட்டது, 3 மணித்தியாலத்துக்கு 40 மில்லி சலம்தான், கை குளிருது, இப்பவே வந்து பாருங்க". இவ்வளவுதான், அரை நிமிசம் போகாது.

பிழையா எழுதிட்டா டிப்பெக்ஸ் பூசாதீங்க, ஒரு கோடு கீறி பக்கத்தில சரியானதை எழுதி நேரம் போட்டு கையெழுத்து வைங்க, பழைய எழுத்தும் வாசிக்கக் கூடியதா இருக்கணும். 6 மணி பிரஷரை 4 மணிக்கே எழுதி வைக்கிறது மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். வேலை கூடி பாக்க ஏலாமப் போனா "பாக்கயில்ல" எண்டே எழுதுங்க, அதைப் பாத்தா அடுத்த டியூட்டிக்கு வாற பிள்ளை முதல் வேலையா அந்தக் கட்டிலுக்குப் போகும்.