ரெபர்ட்வார்: களஞ்சியமா, கைவசமா?

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பையன் கேட்டான்: “என் திறப்புக் களஞ்சியத்துல இன்னும் எத்தனை சேர்க்கணும்?” தப்பு அவன்மேல் இல்லை. அவன் படித்த மொழிபெயர்ப்பு அப்படி. ரெபர்ட்வார் என்றால் ஓர் ஆட்டக்காரர் ஆடத் தயாராக வைத்திருக்கும் ஆட்டத் தொடக்கங்கள். அதற்குக் ‘களஞ்சியம்’ என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துவிட்டது.

மூலம் பிரெஞ்சு. அதற்குப் பின்னால் லத்தீன் ‘ரெபெர்ட்டோரியம்’: வேண்டியதைத் தேடி எடுக்க வசதியாக எழுதிவைத்த பட்டியல். அப்புறம் மேடைக்குப் போய், எப்போது கேட்டாலும் ஆடவோ பாடவோ தயாராக இருக்கும் உருப்படிகள் என்றானது. சதுரங்கத்திலும் அதே பொருள்தான்.

முதலில் ‘திறப்பு’, ஆங்கில ‘ஓப்பனிங்’கின் நேர் மொழிபெயர்ப்பு. ஆட்டத்தைத் தொடங்குகிறோம், கடையையா திறக்கிறோம்? இரு பக்கமும் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் அது திறந்த ஆட்டம். இந்த மொழிபெயர்ப்பாளர்கள் கணக்கில் ‘திறந்த திறப்பு’. வெள்ளை அப்படித் தள்ள, கறுப்பு வேறு சிப்பாயால் பதில் சொல்லும் கேரோ-கானோ ‘அரைத்திறந்த திறப்பு’! ‘தொடக்கம்’ என்று ஒரு நல்ல சொல் சும்மா கிடக்கிறது.

களஞ்சியம் அதைவிட மோசம். விளைந்ததையெல்லாம் கொட்டிவைக்கும் இடம் அது. சதுரங்கத் தொடக்கங்களுக்கு உண்மையாகவே ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. பெல்கிரேடிலிருந்து 1974 முதல் வந்த ஐந்து தொகுதிகள், ஏ00 முதல் ஈ99 வரை 500 குறியீடுகள். ரெபர்ட்வாரும் களஞ்சியம் என்றால் இதை என்னவென்று சொல்வது? வெள்ளை ராஜாவின் சிப்பாயை ஈ4 கட்டத்துக்குத் தள்ளினால் கேரோ-கான், ராணியின் சிப்பாயை டி4-க்குத் தள்ளினால் ஸ்லாவ் (இரண்டிலும் கறுப்பு சி6, டி5 கட்டங்களில் சிப்பாய் வைக்கும்) என்று கறுப்பு முடிவுசெய்தால் பி10–19, டி10–19 என இருபது குறியீடுகளில் பெரும்பகுதி வேலை முடிந்தது. மிச்சத்தைத் தள்ளிவைக்கத் துணிவதுதான் ரெபர்ட்வார். களஞ்சியம் என்று சொல்லிக்கொடுத்தால் பையன் சேர்த்துக்கொண்டேதான் இருப்பான். சொல் தப்பானால் பயிற்சியும் தப்பாகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், பலகையைப் பார்ப்பதில்லை.

இசைக்காரர்களின் ‘பாடாந்தரம்’ ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் பலகை பக்கத்தில் வைத்தால் தம்புரா சத்தம் கேட்கிறது.

என் கட்சி ‘கைவசம்’. ‘கறுப்புக்கான கைவசத் தொடக்கங்கள்’ என்று எழுதிப் பாருங்கள். கொஞ்சம்தான் இருக்கிறது, இருப்பது கைக்குப் பழகியது, கேட்டவுடன் வெளியே வரும் என்ற மூன்றும் அதிலேயே கிடைத்துவிடுகின்றன. ‘வசம்’ வடசொல் ஆயிற்றே என்பார்கள். ஆமாம், வடசொல்தான். யாரும் பேசாத தனித்தமிழைவிட எல்லாரும் பேசும் கலப்பு எனக்குப் போதும்.

அந்தப் பையனிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: “வெள்ளை முதல்லயே சி4 போட்டா உன் கைவசம் என்ன இருக்கு?”

கொஞ்சம் யோசித்தான். “அதுக்கும் சி6 போடலாமா?”

போடலாம். வெள்ளை அடுத்து ஈ4 வைத்தால் கறுப்பு டி5, கேரோ-கான் பக்கம் போகும். டி4 வைத்தாலும் அதே டி5, ஸ்லாவ் ஆகிவிடும். புதிதாக எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.