திரையில் எரியாதது மேசையில் எரியும்

காட்பாடியில் கீபோர்டு, மிக்ஸர், ஆம்ப் சர்வீஸ் செய்கிறேன். ஆடி மாதம் வந்தால் கூத்து ஜமாக்களின் ஆம்ப்புகள் கடை வாசல் வரைக்கும் நிற்கும். இரண்டு மூன்று வருடமாகப் புதிதாக ஒரு கூட்டம் வருகிறது. பெரும்பாலும் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள். லேப்டாப்பில் விசிவி ரேக் என்ற சாஃப்ட்வேர் போட்டு, தனித்தனித் துண்டுகளை வயரால் இணைத்துச் சத்தம் உண்டாக்கும் மாடுலர் சிந்த் பழகிக்கொண்டு, காசு சேர்த்து நாலைந்து யூரோராக் மாட்யூல் (அந்தத் துண்டுகளின் நிஜ வடிவம்) வாங்கி, இரண்டையும் இணைக்கப் போய் எதையாவது பொசுக்கி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2017-இல் வந்த விசிவி ரேக்கை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 1990-களின் நடுவில் டோஃப்பர் என்ற ஜெர்மன் நிறுவனம் தொடங்கிவைத்த யூரோராக் பெட்டியை அப்படியே திரையில் வரைந்து காட்டுகிறது. அதில் எந்த வயரையும் எந்த ஓட்டையிலும் செருகலாம். மிஞ்சிப் போனால் காது கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், கன்ட்ரோல் இசட் அடித்தால் போயிற்று. அங்கே 5 வோல்ட் என்பது வெறும் எண். மேசைக்கு வந்தால் அது நிஜமான 5 வோல்ட். இந்த வித்தியாசம் கைக்குப் பழக கொஞ்ச நாள் ஆகும்.

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். "அண்ணா, ஆசிலேட்டர் போயிடுச்சு. எந்த நோட் அனுப்பினாலும் எங்கேயோ ஆரம்பிச்சு, வழுக்கிக்கிட்டு வந்து ஒரே சுருதியில நிக்குது" என்றார். ஆசிலேட்டர் என்பது சுரத்தை எழுப்பும் மாட்யூல், உள்ளே வரும் வோல்டேஜ்தான் அதற்குச் சுருதியைச் சொல்லும். நான் அதைத் திறக்கவே இல்லை. கம்ப்யூட்டருக்கும் வெளிக்கருவிகளுக்கும் நடுவில் ஒலியைக் கொண்டுபோகும் அவருடைய ஆடியோ இன்டர்ஃபேஸை வாங்கி, விசிவி ரேக்கிலிருந்து அசையாத 5 வோல்ட்டை ஒரு அவுட்புட்டுக்கு அனுப்பச் சொல்லி, அங்கே மல்டிமீட்டரை வைத்தேன். முள் இருந்த காலமாக இருந்தால் இன்னும் அழகாகத் தெரிந்திருக்கும். எண் ஒரு குதி குதித்தது, ஓரிரு நொடியில் இறங்கி பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

அவ்வளவுதான் விஷயம். சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸின் வெளியே போகும் வழியில் ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும். அசைகிற மின்சாரத்தை, அதாவது ஒலியை, அது விடும். அசையாமல் நிற்கிற டிசியை விடாது. சுருதியைச் சொல்லும் வோல்டேஜோ நோட் மாறும் வரை அசையாமல் நிற்க வேண்டிய ஒன்று. இதற்கு டிசி கப்பிள்டு, அதாவது டிசியையும் வெளியே விடும் அவுட்புட் உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும். எக்ஸ்பர்ட் ஸ்லீப்பர்ஸின் இஎஸ்-8, இஎஸ்-9 இதற்கென்றே செய்தவை, யூரோராக் பெட்டிக்குள்ளேயே உட்காரும். மோட்டு இன்டர்ஃபேஸ்களிலும் பலவற்றில் உண்டு. வாங்கும் முன் மேனுவலில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். கடைக்காரர் "எல்லாம் வரும் சார்" என்று சொன்னால் போதாது. அப்படிப்பட்ட பெட்டி இருந்தும் மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கினால், ரேக்கின் ஆடியோ மாட்யூலில் ரைட் கிளிக் செய்து டிசி பிளாக்கர் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாக வாங்க வசதி இல்லையா? நோட்டுகளை வரிசையாக அனுப்பும் சீக்வென்ஸரையே பாலமாக வைக்கலாம். கோர்க் எஸ்க்யூ-1, ஆர்டுரியா பீட்ஸ்டெப் ப்ரோ இரண்டிலும் யுஎஸ்பி மிடியும் (நோட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு எண்ணாக அனுப்புவது) உண்டு, சிவி கேட் அவுட்புட்டும் (சுருதியையும் நோட் தொடங்கி முடிவதையும் வோல்டேஜாக அனுப்புவது) உண்டு. ஒரே சீக்வென்ஸ் ரேக்குக்கும் போகும், ஹார்டுவேருக்கும் போகும். தாளம் சொல்லும் கிளாக் மாதிரிச் சின்னத் துடிப்புகளை மட்டும் அனுப்ப, பழைய இன்டர்ஃபேஸே போதும். துடிப்பின் ஏற்றத்தைக் கெப்பாசிட்டர் தடுக்காது.

தம்பி இரண்டு வாரத்தில் வேறு இன்டர்ஃபேஸோடு திரும்பி வந்தார். இப்போது வேறு கதை: ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே போனால் ஆக்டேவ் நிறையவில்லை. ரேக்கில் 10 வோல்ட் என்பது இன்டர்ஃபேஸின் முழு அளவு. அந்த முழு அளவு வெளியே எத்தனை வோல்ட் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். 1 வோல்ட் அனுப்பிப் பார்த்தோம், மீட்டரில் 0.71 வந்தது. ஒன்றை அதால் வகுத்தால் சுமார் 1.41. ரேக்குக்குள் அந்த அளவு பெருக்கி அனுப்பியதும் சரியாயிற்று.

இங்கே இரண்டு இடத்தில் கை வழுக்கும். யூரோராக் கணக்கில் ஒரு வோல்ட் ஒரு ஆக்டேவ், அரை ஸ்வரம் 83.3 மில்லிவோல்ட். லாங்கு பஜாரில் கிடைக்கிற மலிவு மீட்டரை 20 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் கடைசி இலக்கம் 10 மில்லிவோல்ட். சுருதியில் அது 12 செண்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு செண்ட்), காதுக்கு நன்றாகவே தெரியும். 2 வோல்ட் ரேஞ்சுக்கு மாற்றி அளங்கள். அடுத்தது, வெறும் வயர் முனையில் அளக்காதீர்கள், ஆசிலேட்டரில் செருகிய பிறகு அளங்கள். அனுப்புகிற பக்கம் 1 கிலோ ஓம், வாங்குகிற பக்கம் 100 கிலோ ஓம் என்றால் ஒரு சதவீதம் வழியிலேயே காணாமல் போகும். ஆக்டேவுக்கு மறுபடியும் 12 செண்ட். ஒரே வயரைப் பிரித்து மூன்று ஆசிலேட்டருக்குக் கொடுத்தால் இன்னும் மோசம்.

நம்ம ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். அனலாக் ஆசிலேட்டருக்குள் வோல்டேஜைச் சுருதியாக மாற்றும் டிரான்சிஸ்டர் சூட்டுக்கு அசையும். ஈடுகட்டும் ரெசிஸ்டர் இல்லாத சர்க்யூட்டில் டிகிரிக்குச் சுமார் 0.33 சதவீதம். பத்து டிகிரி ஏறினால் ஆக்டேவில் கிட்டத்தட்ட 40 செண்ட் குறையும். நல்ல மாட்யூல்களில் அந்த ரெசிஸ்டர் இருக்கும், அலைவு மிகக் குறைவு. ஆனாலும் கத்திரி வெயிலில் மொட்டை மாடி அறையில் சுருதி சேர்த்துவிட்டு, ராத்திரி ஏசி ஹாலில் வாசிக்கப் போகிறவர்கள் அங்கே போய் அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். மிருதங்கக்காரர் செய்வதைத்தான் சொல்கிறேன்.

இனி எரிகிற சமாச்சாரம். என் மேசைக்கு வருகிற செத்த மாட்யூல்களில் அதிகம் பவர் ரிப்பனைத் திருப்பிச் செருகியவை. ரிப்பனின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம். சிவப்பு என்றால் பிளஸ் என்று கை தானாகப் போகும், போக விடாதீர்கள். பெட்டியை அணைத்துவிட்டுச் செருகுங்கள். செருகியதை ஒருமுறை போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

டிசி கப்பிள்டு பெட்டி வாங்கிவிட்டால் ஹெட்போனிலும் கவனம் வேண்டும். ஸ்பீக்கர் போகும் ஒன்று, இரண்டு அவுட்புட்டில் தவறிப்போய் சிவி அனுப்பினால் காதுக்கு ஒன்றும் கேட்காது, உள்ளே காயில் சூடேறிக்கொண்டிருக்கும். மாடுலரின் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும்போது வால்யூமைக் குறைத்து எடுங்கள். யூரோராக் சத்தம் சாதாரணமாகவே மைனஸ் 5-க்கும் பிளஸ் 5-க்கும் இடையில் ஆடும், லேப்டாப்பின் மைக் ஓட்டைக்கு அது பெரிய அடி. இன்டர்ஃபேஸ் வழியாக எடுத்தால், அது மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை அணைத்து வையுங்கள்.

பேலன்ஸ்டு அவுட்புட்டில் மோனோ பின் செருகினால் நடு வளையம் கிரவுண்டோடு ஷார்ட் ஆகும். சில இன்டர்ஃபேஸ்களுக்கு அது பிடிக்காது. ஸ்டீரியோ பின் போட்டு, வளையத்தை மட்டும் சால்டர் செய்யாமல் விட்ட வயர் கட்டிக்கொண்டால் தீர்ந்தது.

அப்புறம் இந்த "உம்ம்ம்". லேப்டாப் சார்ஜர் ஒரு சுவரில், மாடுலர் பெட்டி இன்னொரு சுவரில், நடுவில் யுஎஸ்பி. கிரவுண்ட் ஒரு சுற்று சுற்றி வரும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவில் நின்று பாடும், எந்தப் பாட்டோடும் சேராது. இதற்கு மேடைக்காரர்கள் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு: பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவது. சத்தம் போகும், அடுத்த தடவை ஏதாவது லீக் ஆனால் எர்த்தாக உங்கள் உடம்பு நிற்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள், லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், மின்தொடர்பை வெட்டித் தகவலை மட்டும் கடத்தும் யுஎஸ்பி ஐசொலேட்டர். 1983-இல் மிடியை வகுத்தவர்கள் இதை அப்போதே யோசித்து, ஐந்து பின் மிடியின் வாங்குகிற முனையில் ஒளியால் கடத்தும் ஆப்டோகப்ளரை வைத்தார்கள். அதனால் அந்தப் பழைய வயரில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

கடைசியாக கிளாக். யாராவது ஒருவர்தான் தாளம் போட வேண்டும், லேப்டாப்போ சீக்வென்ஸரோ, முதலிலேயே முடிவு செய்யுங்கள். மிடி கிளாக் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு. மாடுலர் சீக்வென்ஸர் பலவும் 4 எதிர்பார்க்கும், கோர்க்கின் வோல்கா கருவிகள் 2 துடிப்பு எதிர்பார்க்கும். 24-ஐ 4 ஆகக் குறைக்காமல் அப்படியே கொடுத்தால், நாயனம் நிதானமாகப் போக தவில் ஆறு மடங்கு ஓடும். லேப்டாப் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து (அதுதான் பஃபர்) அனுப்புவதால் தாமதமும் உண்டு: 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் 5.3 மில்லிசெகண்ட் தாமதம். போய்த் திரும்பி வந்தால் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

தம்பி எல்லாம் சரிசெய்து என் கடையிலேயே வாசித்துக் காட்டினார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. மாடுலர் செத்தது, லேப்டாப் பேட்டரியில் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தபோது ஹார்டுவேர் சீக்வென்ஸர் முதல் படியிலிருந்து தொடங்க, ரேக் ஆறாவது படியில் இருந்தது. இருவரும் கடைசி வரை சேரவே இல்லை. மறுநாள் போன் செய்தார், இரண்டையும் முதல் படிக்குக் கொண்டுவரும் ரீசெட்டுக்கென்று தனியாக ஒரு வயர் கட்டித் தர முடியுமா என்று.