மெட்டு நோட்டில் இல்லை

கீபோர்டு வாங்கிய கையோடு பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஸ்வரத்தை நோட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார், பையன் வீட்டில் பார்த்து வாசித்துக்கொள்வான்." மண்டபத்திலிருந்து வந்தாலும் கீழக்கரையிலிருந்து வந்தாலும் இதே பேச்சு. எழுதித் தரலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் மெட்டு வராது.

ஸ்வரங்கள் எந்த வரிசையில் வருகின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறது: இம்மூன்றும் சேர்ந்ததுதான் மெட்டு. நோட்டில் வரிசை இருக்கும். கால அளவு ஓரளவு இருக்கும். போகும் விதம் அநேகமாக இருக்காது. ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்களுக்கும் ஆரோகணம் (ஸ்வரங்கள் ஏறும் வரிசை), அவரோகணம் (இறங்கும் வரிசை) இரண்டும் ஒன்றே. காகிதத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆரபி துடிப்பாகத் தொட்டுத் தொட்டுப் போகும். தேவகாந்தாரி நீட்டி, அசைத்து, ஆற அமர நடக்கும். கேட்டுப் பழகியவருக்கு ஒரு வரி போதும்.

வீட்டில் கீபோர்டு இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூடியிருக்கும். கைபேசியில் ஆதார ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கும் சுருதிப்பெட்டிச் செயலியை நாலரைக் கட்டையில் (இங்கே கட்டை என்பது சுருதியின் அளவு) ஒலிக்க விட்டு, மூன்று உள்ள கூட்டத்தின் முதல் கட்டையிலிருந்து கறுப்பை மட்டும் வரிசையாக வாசியுங்கள். மோகனம் கேட்கும். சுருதியை ஐந்தரைக்கு மாற்றி, அடுத்த கறுப்பிலிருந்து தொடங்குங்கள், மத்யமாவதி. ஆறரைக்கு மாற்றி அதற்கடுத்ததிலிருந்து வாசித்தால் ஹிந்தோளம். விரல் படுவது அதே ஐந்து கறுப்புக் கட்டைகளில்தான். ஆதார ஸட்ஜம், அதாவது தொடங்கும் 'ஸ', நகர்ந்தது, ராகமே வேறாகிவிட்டது. நான் மணிக்கணக்கில் விளக்குவதைவிட இது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது.

மோகனம் என்றதும் இன்னொன்று. கர்நாடக இசையில் வர்ணம் என்னும் பாடல் வகையைக் கற்கத் தொடங்குபவர்கள் பலர் முதலில் படிக்கும் மோகன ராக ஆதிதாள வர்ணத்தை இயற்றியவர் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் (1860–1919). ராமநாதபுரம் சமஸ்தான வித்வான். இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கே இது தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கரைவலை இழுக்கும் இடத்தில் மீனவர்கள் பாடும் அம்பாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களும், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் தேவாலயப் பாடகர் குழுவில் நிற்கும் பிள்ளைகளும் மெட்டைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதை வகுப்பில் பார்க்கிறேன். அம்பாவில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இழுவையின் வேகத்துக்கேற்பப் பாட்டு நீளும், குறுகும். அங்கே ஏது நோட்டு? காதில் விழுந்தது வாயில் வருகிறது, அவ்வளவுதான்.

ஆகவே புதுப் பாட்டு எதுவானாலும் முதலில் கேட்கட்டும். பிறகு வார்த்தையை விட்டுவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுக்கட்டும். வாயில் வந்த பிறகே விரல் கட்டையைத் தொடலாம்.

"இவனுக்குக் குரலே இல்லை" என்று பிள்ளையின் எதிரிலேயே சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டை அதே சுருதியில் பாடச் சொல்கிறோம். மேல் ஸட்ஜத்துக்குப் போகும்போது பையன் தாடையைத் தூக்குகிறான், கழுத்து நரம்பு புடைக்கிறது, ஸ்வரம் கீழே நின்றுவிடுகிறது. சுருதியை ஒரு கட்டையோ இரண்டு கட்டையோ இறக்கினால் அதே பையன் பெரும்பாலும் சரியாகப் பாடிவிடுகிறான். ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள தூரம் மாறாதவரை, எந்தச் சுருதியில் பாடினாலும் மெட்டு அதேதான். பையன்களுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயதையொட்டிக் குரல் உடையத் தொடங்கும். அப்போது பலர் வகுப்பையே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். சுருதியை இறக்கி, மேல் ஸ்தாயியைக் கொஞ்ச காலம் தவிர்த்து, தொண்டை வலிக்காத அளவுக்குப் பாட வையுங்கள்.