விடியலில் முரண்டு பிடிக்கும் பழைய ரீவி

பழைய ரீவிக்கு ஒரு குணம் உண்டு. காலையில் போட்டால் சிவப்பு லைட் மட்டும் மினுங்கும், படம் வராது. அணைத்துப் போட்டு, திரும்ப அணைத்துப் போட்டு, பத்து நிமிடம் மல்லுக்கட்டினால் ஒருவழியாக எழும்பும். அதன்பிறகு இரவு வரை ஒரு சத்தமும் இல்லாமல் ஓடும். மறுநாள் காலை அதே கதை. மாதங்கள் போக, பத்து நிமிடம் அரை மணித்தியாலம் ஆகும். திருகோணமலையில், எப்போதோ சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ உறவுக்காரர் கொண்டுவந்த ரீவியை இன்னும் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது புதிய செய்தி அல்ல. "போர்ட் போயிட்டுது, புதுசு எடுங்கோ" என்று யாராவது சொல்வார்கள். புதுசு என்றால் கையில் காசு வேண்டும், இல்லாவிட்டால் மாதாமாதம் கட்டுக்காசு.

பெரும்பாலும் போர்ட், அதாவது உள்ளேயுள்ள மின்சுற்றுப் பலகை, போயிருக்காது. அதில் நிற்கும் சிறிய உருளை ஒன்றுதான் காய்ந்திருக்கும். பள்ளிப் புத்தகத்தில் கொள்ளளவி என்று படித்தோமே, கடையில் கண்டென்சர் என்பார்கள், அதுதான்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் 230 வோல்ட், செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருவது. ரீவி அதை முதலில் ஒரே திசைக்குத் திருப்புகிறது. அப்படித் திருப்பிய மின்சாரம் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்துக்கும் 325 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும். வீட்டு மோட்டர் விட்டுவிட்டு இறைத்தாலும் மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கி குழாயில் சீராக விடுகிறதல்லவா, அந்த வேலையைத்தான் இங்கே கண்டென்சர் செய்கிறது. பிறகு அந்த 325 வோல்ட்டைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, 5, 12, 24 வோல்ட் என்று குறைத்து உள்ளே அனுப்புவார்கள். அந்த ஒவ்வொரு வழியிலும் இன்னும் சில கண்டென்சர்கள் நிற்கும். முதலில் சாவது அநேகமாக இந்தச் சின்னவைதான்.

உருளையைப் பிரித்தால் இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே ஒரு திரவத்தில் ஊறிய காகிதம், எல்லாம் சேர்த்துச் சுருட்டியிருக்கும். ஒரு தாளின் மேல் மட்டும் அலுமினிய ஒட்சைட்டுப் படலம் வளர்த்திருப்பார்கள். மின்சாரம் கடக்காத அந்தப் படலத்தின் தடிப்பு, ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை நானோமீட்டர். தலைமுடியின் தடிப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அவ்வளவு மெல்லியது என்பதால்தான் விரல்நுனி அளவு பொருளுக்குள் இவ்வளவு மின்னேற்றம் அடங்குகிறது. படலத்துக்கு ஒரு பக்கம் அலுமினியம். மறுபக்கத் தகடாக வேலை செய்வது இரண்டாவது தாள் அல்ல, அந்தத் திரவம். அதாவது இந்த உறுப்பின் பாதி ஈரமாக இருந்தால்தான் உயிர். அடியிலுள்ள இறப்பர் மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், சூட்டில் திரவம் கொஞ்சங்கொஞ்சமாக ஆவியாகி வெளியேறும்.

திரவம் குறையக் குறைய உள்ளே தடை கூடுகிறது. திரவத்தில் மின்சாரத்தைச் சுமப்பவை அயன்கள். குளிரில் அவை மந்தமாக நகரும், சூட்டில் வேகமாக நகரும். நல்ல நிலையில் உள்ள கண்டென்சருக்கு விடிகாலை 25 பாகை ஒரு பொருட்டே இல்லை. முக்கால்வாசி காய்ந்ததை முடக்க அந்த இலேசான குளிரே போதும். நாம் அணைத்துப் போட்டுக்கொண்டிருக்கும் பத்து நிமிடமும் அது மெல்லச் சூடேறுகிறது, தடை இறங்குகிறது, ரீவி எழும்புகிறது. கெட்டிக்காரத் திருத்துநர் ஒருவர் ஹெயார் ட்ரையரை எடுத்து அந்த இடத்துக்குச் சூடு காட்டுவதைப் பார்த்தால் சிரிக்க வேண்டாம், சரியான சோதனை அது. மலிவு மீட்டரில் கொள்ளளவை (எவ்வளவு மின்னேற்றம் பிடிக்கும் என்பதை) மட்டும் பார்த்து "இது நல்லம்" என்று சொல்வதைவிட எவ்வளவோ மேல். கொள்ளளவு சரியாகக் காட்டும்போதே உள்தடை பல மடங்கு ஏறியிருக்கலாம்.

கண்டென்சரின் உடம்பிலேயே அதன் ஆயுள் பற்றி ஒரு குறிப்பு இருக்கும்: 85 பாகை அல்லது 105 பாகை. சாதாரண வகைக்கு அந்தச் சூட்டில் 2000 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளலாம். சூடு பத்துப் பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது துறையில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. ரீவிக்குள் 65 பாகை என்றால் 105 வகைக்கு 32,000 மணித்தியாலம், 85 வகைக்கு வெறும் 8000. நாளுக்கு ஐந்து மணித்தியாலம் பார்க்கும் வீட்டில் முன்னது பதினேழு வருடம் தாண்டும், பின்னது நாலரை வருடத்துக்குள் முடிந்துவிடும்.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில் சீட் கூரையின் கீழே மத்தியானம் இருக்கும் புழுக்கம், ரீவியைச் சுவரோடு ஒட்டி அலுமாரிக்குள் தள்ளிய வசதி, அதற்கு மேல் அழகுக்கு ஒரு துணி. பின்னால் ஒரு சாண் இடம் விட்டு, துணியை எடுத்துவிட்டால் செலவில்லாமல் பத்துப் பாகை குறையலாம். றிமோட்டால் அணைத்தால் மட்டும் போதாது, சுவர்ச் சுவிச்சையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரீவிக்குள் ஒரு பகுதி, இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது உப்பு. பட்டணம் ஒரு பக்கம் டச்பே, மறுபக்கம் உட்துறைமுகம் என்று கடலுக்கு நடுவே நீண்டு கிடக்கிறது. திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளி எல்லாம் அலைக்குப் பக்கத்தில். காற்றில் வரும் உப்புத்துகள் போர்டில் படிகிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தொட்டால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது, அதற்கு 33 வீதமே போதும். ஆகவே வெயில் காயும் நாளிலும் உப்புப் படிந்த போர்ட் முழுதாக உலர்வதில்லை. அந்த ஈரம் வழியே மின்சாரம் கசியும், செப்புப் பாதை பச்சை பூக்கும். தூசு தட்டினால் போகாது. ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பழைய பல் தூரிகையும் வேண்டும், பிறகு நன்றாக உலரவிட வேண்டும்.

ஆனால் ரீவியின் பின்மூடியை வீட்டில் கழற்றச் சொல்லவில்லை. வயரைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் பெரிய கண்டென்சரில் தங்கியிருக்கலாம். பழைய பெட்டி ரீவி என்றால் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல். பழகிய கைக்கு விட்டுவிடுங்கள்.

கொடுக்கும்போது கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: 105 பாகை வகையா, கொள்ளளவு அதேயா, வோல்ட் அதே அல்லது கூடவா? கழிவு போர்டிலிருந்து பிடுங்கிப் போடுவதை நான் விரும்பமாட்டேன். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிப் பொருள்கள் வராமல் போனபோது வேறு வழி இருக்கவில்லை, சரி. இப்போதும் அதையே செய்தால் பாதி காய்ந்ததற்குப் பதில் பாதி காய்ந்தது. பழைய கணினி வாங்குபவர்கள் தாய்ப்பலகையில் இந்த உருளைகளின் தலையைப் பார்க்கட்டும். தலையில் கீறியிருக்கும் கோடுகள் வாயு கூடும்போது திறந்துகொள்வதற்காக. தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் விலையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதும், கையால் தள்ளினால்தான் கிளம்புவதும் இதே குடும்பத்து நோய்தான். அங்கே இருப்பது திரவமில்லாத வகை. பிளாத்திக்குப் படலத்தின் மேல் உலோகம் பூசியது, பல கூரை விசிறிகளில் கொள்ளளவு 2.5 மைக்ரோபரட். மின்சாரம் எகிறும் ஒவ்வொரு தடவையும் பலவீனமான இடத்து உலோகம் ஆவியாகி, ஓட்டை தானே ஆறிக்கொள்ளும். ஆறும்போதெல்லாம் கொள்ளளவு கொஞ்சம் குறையும். 2022 போல மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டு, வந்தும் போயும் கிடந்த காலம் இதற்கு நல்லதல்ல. மோட்டரின் கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றக் கொடுக்கும் முன் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பெரியதைப் போட்டால் சுருள் சூடாகி எரியும்.

எல்லாப் பழுதும் இப்படி மலிவில் முடியாது. தட்டை ரீவியில் சத்தம் வந்து படம் வராவிட்டால், இருட்டில் திரையில் சரிவாக டோர்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு அல்லது அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி போயிருக்கிறது, திருத்தக் கொடுக்கலாம். திரையில் நிரந்தரமாக நெடுங்கோடுகள் நின்றாலோ உள்கண்ணாடி வெடித்திருந்தாலோ திரையையே மாற்ற வேண்டிவரும். அதற்குக் கேட்கும் காசில் நல்ல இரண்டாம்கை ரீவி ஒன்று கிடைத்துவிடும்.