எடையைக் குறைக்கும் முன் அந்த மாத்திரைப் பொட்டலத்தைக் காட்டுங்கள்

எடை குறைய வழி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்போதிலிருந்து எடை கூடத் தொடங்கியது என்பதையும், அப்போது என்னென்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்பதையும்தான். உணவுப் பட்டியல் ஒன்றை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது வீண் விசாரணையாகத் தோன்றுவதுண்டு.

ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) ஒன்றரை ஆண்டில் 14 கிலோ கூடிவிட்டதாகச் சொல்லி மகளுடன் வந்தார். சோற்றைக் குறைத்து, இரவில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்தி, விடியற்காலையில் வெந்நீரும் தேனும் குடித்துப் பார்த்தும் பலனில்லை. தைராய்டு பரிசோதனை முடிவு சரியாகவே இருந்தது. ஆனால் முகம் உருண்டு, வயிறு பெருத்திருக்க, கை கால்கள் மட்டும் மெலிந்திருந்தன. முன்கையில் ஆங்காங்கே நீலமாகக் கன்றியிருந்தது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னேன், முடியவில்லை. மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை என்றார். "அம்மா, அந்த முட்டி வலி மாத்திரை?" என்று மகள் நினைவூட்டியதும், கைப்பையிலிருந்து மடித்த காகிதப் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. மருந்துக் கடைகளில் வலிக்கும் காய்ச்சலுக்கும் கேட்டு வாங்கும் 'செட்' மாத்திரை அது. அட்டையிலிருந்து துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்த மூன்று மாத்திரைகளில் எதிலும் பெயர் இல்லை. கடையில் முழு அட்டையைப் பார்த்து வரச் சொன்னதில், இருப்பதிலேயே சிறிய மாத்திரை டெக்சாமெத்தசோன் என்று தெரிந்தது. "அதெல்லாம் மருந்தா டாக்டர், வலி மாத்திரைதானே" என்றார் அவர்.

டெக்சாமெத்தசோன் வீரியமிக்க ஸ்டீராய்டு. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. பசியைத் தூண்டி, கொழுப்பை முகத்திலும் வயிற்றிலும் சேர்த்து, தொடைத் தசைகளைக் கரைத்து, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: நெடுநாள் சாப்பிட்டவர், உண்மை தெரிந்ததும் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி, வெளியிலிருந்து வந்ததற்குப் பழகி உறங்கிப்போயிருக்கும்; அது உடனே விழித்துக்கொள்ளாது என்பதால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எடையைக் கூட்டும் மருந்துகள் வேறும் இருக்கின்றன. சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு, இன்சுலின், மனநலச் சிகிச்சையில் தரப்படும் ஓலன்சபைன், வலிப்புக்கான வால்ப்ரோயேட் ஆகியவை அவற்றுள் சில. இவை தேவையான மருந்துகள். தாமாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேட்பதுதான் முறை.

தைராய்டின் மீதோ அளவுக்கு மீறிய பழி விழுகிறது. அதன் குறைபாட்டால் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் கணிசமான பகுதி உடலில் தேங்கும் உப்பும் நீரும். குறைபாடே இல்லாதவர் இளைப்பதற்காகத் தைராய்டு குறைபாட்டுக்கான தைராக்சின் மாத்திரையைச் சாப்பிட்டால் படபடப்பும் எலும்புத் தேய்மானமும்தான் மிஞ்சும்.

முதல் சந்திப்பில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டுக்கான டிஎஸ்எச் ஆகியவை போதும். உரக்கக் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி வழிகிறாரா என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போகும் இளம் பெண்களிடம் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் நினைக்க வேண்டும். இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீடு (கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது) 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25-ஐத் தொட்டால் உடற்பருமன்; 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 64 கிலோ என்பது உடற்பருமனின் எல்லை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். பேண்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பை தப்பித்துக்கொள்ளும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பை வைக்க வேண்டும்.

உணவைப் பற்றிப் பேசும்போது நான் சோற்றுக்கு முன்னால் எண்ணெயைத்தான் கேட்பேன். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு 6 லிட்டர் வாங்கினால், ஆளுக்கு நாளொன்றுக்கு 50 மில்லி, அதாவது சுமார் 400 கலோரி, யார் கண்ணுக்கும் படாமல் தாளிப்பிலும் தோசைக்கல்லிலும் போய்விடுகிறது. மாதம் 3 லிட்டராக்கினால் அதில் பாதி மிச்சம். சோற்றை அறவே விட வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, அந்த இடத்தைப் பொரியல், சுண்டல், முட்டை, மோர் ஆகியவற்றால் நிரப்பினால் பசி தாங்கும். வாரத்தில் 150 நிமிட வேக நடையும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் சேர வேண்டும். ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைவதே நல்ல இலக்கு. அவசரமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேரும், தசையும் கரையும்.

தராசு முள் நகரவில்லையே என்று மூன்றாவது வாரத்தில் சோர்ந்துவிடுகிறவர்களுக்கு, சென்னையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் திருத்திக்கொண்டபோது நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களது எடையிலோ சொல்லிக்கொள்ளும்படியான குறைவு இல்லை.

எடையைக் குறைக்கும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகளைப் பற்றி இப்போது தினமும் யாராவது கேட்கிறார்கள். தகுந்தவர்களுக்கு நன்றாகவே வேலை செய்யும் மருந்துகள்தாம். ஆனால் கணைய அழற்சி வந்தவர்களுக்கும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களுக்கும் உகந்தவையல்ல. நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடும். இதைச் சொன்னதும் பாதிப் பேர் யோசித்துவிட்டு வருவதாகக் கூறிச் செல்கிறார்கள்.

அந்தப் பெண்மணிக்கு ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து வருகிறோம். முட்டிக்குத் தொடைத் தசைப் பயிற்சி நடக்கிறது. இதுவரை 6 கிலோ இறங்கியிருக்கிறது. சென்ற முறை வந்தபோது, நான் சொல்வதற்கு முன்பே, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து காட்டினார்.