&#2949; என்று திரையில் நிற்கிறதா? டெர்மினல் உலாவிகளும் என்டிட்டிகளும்

லின்க்ஸ், டபிள்யூ3எம் மாதிரி, கட்டளைத் திரையில் எழுத்துகளாகவே பக்கத்தைக் காட்டும் டெர்மினல் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் பத்தியில் ‘அ’ ஒழுங்காக வரும். சில சமயம் அதே பக்கத்தின் தலைப்பிலோ படிவப் பெட்டியிலோ &#2949; என்று எண்ணாகவே கிடக்கும். உடனே ஃபான்ட்டைத்தான் திட்டுவோம். ஃபான்ட் இல்லையென்றால் கட்டமோ கேள்விக்குறியோதான் தெரியும். எண் தெரிகிறது என்றால் ஒன்று, அந்த இடத்தில் உலாவி என்டிட்டியை (எழுத்துக்குப் பதில் எண்ணோ பெயரோ போட்டு எழுதும் இந்தக் குறியீட்டை) எழுத்தாக அவிழ்க்கவே இல்லை. அல்லது அனுப்பியவர் ஒரு சுற்று கூடுதலாகப் பொதிந்திருக்கிறார்.

தமிழ்ப் பக்கங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரண்டாவதைத்தான். பக்கத்தின் குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) தமிழுக்கு இடமில்லாத லத்தீன்-1 என்று இருந்தால், படிவத்தில் தட்டச்சிடும் தமிழை உலாவி &#2949; வடிவில் மாற்றித்தான் சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதைச் சாதாரண உரை என்று நினைத்து & குறியை மறுபடி &#38; ஆக்கிவிட்டால் கதை முடிந்தது. உலாவி ஒருமுறைதான் அவிழ்க்க வேண்டும் என்பது விதி. எண்ணைக் காட்டினால் அது சரியாகவே நடந்துகொள்கிறது.

நீளமும் கடிக்கும். தமிழையும் நேரடியாக எழுதவிடும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ‘அம்மா’ 15 பைட்; &#2949;&#2990;&#3021;&#2990;&#3006; என்று எழுதினால் 35. 255 இடமுள்ள தரவுத்தளப் புலத்தில் இடைவெளியில்லாமல் எழுதினால் 36 குறிகள்தான் முழுதாக அடங்கும். மிச்சமுள்ள 3 இடத்தில் &#2 அல்லது &#3 என்று அறுந்து நிற்கும். அரைப்புள்ளி இல்லாவிட்டாலும் எண்ணை ஏற்கச் சொல்கிறது வலைப்பக்க மொழியின் விதித்தொகுப்பான எச்டிஎம்எல்5. ஆகவே அந்த வால், எழுத்தாகத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறியாக மாறிவிடும்.

பெயருள்ள என்டிட்டிகளில் குழப்பம் இன்னும் நுணுக்கமானது. எச்டிஎம்எல்4இல் 252 பெயர்கள். 5இன் பட்டியலில் 2231 உருப்படிகள், அவற்றில் 106 அரைப்புள்ளி இல்லாமலே செல்லும். பெருக்கல் குறியின் பெயரான ‘டைம்ஸ்’ அந்த 106இல் ஒன்று. இணைப்பு முகவரியில் &டைம்ஸ்டாம்ப்= என்று இருந்தால் அதைத் தொடக்கூடாது; பத்திக்குள் அதே எழுத்துகள் வந்தால் ×டாம்ப்= ஆக வேண்டும். இடத்துக்கு இடம் விதி வேறு. இந்த வேறுபாட்டைப் பார்க்காத பழைய நிரல், முகவரியிலும் × போட்டு இணைப்பை உடைத்துவிடும். பக்கம் எழுதுபவர் முகவரியில் & வரும் இடமெல்லாம் &#38; போட்டால் எந்த உலாவியும் தடுமாறாது.

128 முதல் 159 வரையுள்ள எண்களைத்தான் அலட்சியமாக விடக்கூடாது. பழைய விண்டோஸ் பக்கங்களில் மேற்கோள் குறிக்கு &#146; என்று இருக்கும். யூனிகோடில் அந்த இடம் கட்டுப்பாட்டுக் குறி. விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியலான விண்டோஸ்-1252 அட்டவணைப்படி, மேற்கோள் குறியின் யூனிகோடு எண்ணான 8217 ஆக மாற்றச் சொல்கிறது எச்டிஎம்எல்5. மாற்றாத உலாவியில் அந்தக் குறி காணாமல் போனால் பரவாயில்லை; &#155; அப்படியே கடந்தால் சில டெர்மினல்கள் அதைக் கட்டளைத் தொடரின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். &#27; இன்னும் நேரடி, அது எஸ்கேப் விசையேதான். அதைப் பிழை என்று சொல்லும் எச்டிஎம்எல்5 விதி, மாற்றிப் போட வேறெதையும் தரவில்லை. திரைக்கு அனுப்பும் முன் வடிகட்டுவது உலாவியின் பொறுப்பு.

சோதிக்க ஒரு சின்னக் கோப்பு போதும். தலைப்பு, பத்தி, படத்தின் மாற்றுரை, உள்ளீட்டுப் பெட்டி, பல வரிப் பெட்டி என எல்லா இடத்திலும் &#2949; போடுங்கள். தனி வரியில் &#38;#60; என்று எழுதுங்கள்: &#60; என்று தெரிந்தால் சரி, < தெரிந்தால் இரண்டுமுறை அவிழ்க்கிறது. அடுத்து உலாவியின் டம்ப் வெளியீட்டை (பக்கத்தை வெறும் உரையாகக் கொட்டித் தருவதை) கோப்பில் சேமித்து, பைட்டுகளைத் தசம எண்ணில் பாருங்கள். ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் 224 174 133 இருந்தால் உலாவி தன் வேலையைச் செய்துவிட்டது. திரையில் மட்டும் கெட்டால் டெர்மினலின் குறியாக்கத்தைப் பாருங்கள். பைட்டிலேயே கேள்விக்குறி (63) விழுந்திருந்தால், உலாவியின் அமைப்பில் காட்சிக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இல்லை என்று பொருள். லின்க்ஸில் ஆங்கில ‘ஓ’ விசையை அழுத்தினால் அந்த அமைப்புப் பட்டியல் வரும்.